அல்மெரியா மலைகளில் சைக்கிள் ஓட்டப் பணம் கட்டுவோர் கவனத்திற்கு: நான் 1,460 யூரோ இழந்த விதம்

ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் உள்ள அல்மெரியா மாகாணத்தில் சைக்கிள் ஓட்டுவதற்காக இணையத்தில் முன்பணம் கட்ட எண்ணியிருப்பவர்கள், இந்தப் பதிவைப் படித்த பிறகு கட்டுங்கள். நான் ஊர் திரும்பி ஒன்பது நாட்கள் ஆகின்றன. என் புகாரை முடித்து வைத்துவிட்டதாகப் பயணத்தை விற்றவர்கள் அனுப்பிய கடிதம் நேற்று மாலைதான் வந்தது. ஆறு நாள் பயணத்திற்கு 960 யூரோ, சைக்கிளுக்காக வாங்கி, திருப்பித் தருவதாகச் சொன்ன வைப்புத்தொகை 500 யூரோ, ஆக 1,460 யூரோ போயிற்று. பயணத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள்.

நான் தேர்ந்தெடுத்தது, வழிகாட்டி இல்லாமல் நாமே ஓட்டிச் செல்லும் வகைத் திட்டம். ஒரு முன்பதிவுத் தளம் பணத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளூர் முகவர் கார்பன் சட்டகம் கொண்ட ரோடு பைக்கைக் கொண்டுவந்து தருவார். ஒவ்வோர் இரவும் ஒரு கிராமத்து வீட்டில் தங்கல். நம் பெட்டியை அவர்களே வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்ப்பார்கள். வழியில் சைக்கிள் பழுதானால் மெக்கானிக் வருவார். நிஹாரில் தொடங்கி, அலமியா மலைத்தொடரைக் கடந்து லூகாய்னேனா, பிறகு சோர்பாஸ், அங்கிருந்து ஃபிலாப்ரெஸ் மலையடிவார ஊர்கள் வழியாகத் தாபெர்னாஸ், கடைசி நாளில் வெலெஃபீகே ஏற்றம் என்று பாதை வகுத்திருந்தார்கள். ஆண்டு முழுவதற்கும் 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத தாபெர்னாஸ் வறண்ட நிலம், நீரில்லாத ஆற்றுப் படுகைகள், எஸ்பார்த்தோ புல் தவிர வேறு பச்சை அதிகம் தென்படாத மலைச்சரிவுகள், திடீரென ஒரு வளைவில் எதிர்ப்படும் வெள்ளை வீடுகள் என அந்த நாட்டுப்புறத்தைப் படங்களில் பார்த்தே நான்கு ஆண்டுகள் பணம் சேர்த்தேன். வெலெஃபீகே ஏற்றம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சரிவு ஆறு விழுக்காட்டுக்கு மேல், உச்சி சுமார் 1,800 மீட்டர் உயரம். 2021ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் இத்தாலிய வீரர் டாமியானோ கருசோ தனியாக ஏறி வென்ற அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் ஒரே நோக்கம்.

நான் எங்கே நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில்தான் நம்புவீர்கள். பணம் கட்டுவதற்கு முன் உள்ளூர் முகவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "தாபெர்னாஸிலிருந்து வெலெஃபீகே ஊர் வரை உங்களுக்கு நிழல் கிடைக்காது, ஊருக்குள் நுழைந்ததும் ஊற்றுக் குழாயில் இரண்டு புட்டிகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தண்ணீரை நம்ப வேண்டாம்" என்றார். எந்த வளைவுக்குப் பிறகு எதிர்காற்று முகத்தில் அடிக்கும், எந்த இடத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு மூச்சு வாங்கலாம் என்றெல்லாம் இருபது நிமிடம் சொன்னார். ஒரு சாலையை இவ்வளவு நேசிக்கும் மனிதர் அதே சாலைக்கு வரும் ஒருவரை ஏமாற்ற மாட்டார் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. உரையாடலின் கடைசியில்தான், வங்கி அட்டையில் கட்டினால் 1,040 யூரோ, வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் 960 யூரோ என்றார். அந்த 80 யூரோவுக்காக, வைப்புத்தொகையையும் சேர்த்து 1,460 யூரோவை அன்றிரவே வங்கி வழியாக அனுப்பினேன்.

மார்ச் கடைசி வாரத்தில் நிஹாரில் இறங்கினேன். மாலை நான்கு மணிக்கு வர வேண்டிய சைக்கிள் ஏழரைக்குத்தான் வந்தது. தொலைபேசியில் பேசியவர் வரவில்லை. வேனில் வந்த வேறோர் ஆள், எஞ்சினை நிறுத்தாமலே சைக்கிளை இறக்கினார். தளத்தின் படத்தில் இருந்தது டிஸ்க் பிரேக் கொண்ட சைக்கிள், வந்ததோ சக்கர விளிம்பை அழுத்தும் பழைய வகைப் பிரேக். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 34 பற்கள் இருக்கும் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். நான் இருட்டில் எண்ணிப் பார்த்தபோது 28தான் இருந்தது. பற்கள் குறையக் குறைய ஏற்றத்தில் மிதிப்பது கடினமாகும்; அந்த மலைகளில் இந்த ஆறு பற்களின் வித்தியாசம் என்ன செய்யும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். கேட்டபோது, நாளை லூகாய்னேனாவில் மெக்கானிக் மாற்றித் தருவார் என்று சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். அது ஸ்பானிய மொழியில் இருந்தது. அவர் கைகொடுத்தார், நான் கையெழுத்திட்டேன். 'சைக்கிளை எக்குறையும் இன்றிப் பெற்றுக்கொண்டேன்' என்பதே அந்தத் தாளின் பொருள் என்று எனக்கு இப்போது தெரியும்.

மறுநாள் அலமியா மலை ஏற்றத்தின் பாதியிலேயே சங்கிலி பல்சக்கரங்களில் நிலைகொள்ளாமல் தாவத் தொடங்கியது. பின்பக்கக் கியர் மாற்றியைச் சட்டகத்தோடு பிணைக்கும் சிறிய உலோகத் துண்டு வளைந்திருந்தது. நான் விழவும் இல்லை, எதிலும் மோதவும் இல்லை. பெரிய கியர் ஒன்றில் மட்டும் மிதிக்க முடிந்ததால், செங்குத்தான பகுதிகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே உச்சியைக் கடந்தேன். இறக்கத்தில் தேய்ந்த பிரேக் கட்டைகள் கிறீச்சிட்டதும், ஒவ்வொரு வளைவிலும் அடிவயிறு இறுகியதும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. லூகாய்னேனாவை அடைந்ததும் உதவி எண்ணுக்கு அழைத்தேன். இரண்டு மணி நேரத்தில் மெக்கானிக் வருவார், அடையாளம் சொல்லுங்கள் என்றார்கள். ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் இரும்புத் தாதுவைச் சுட்டு ரயிலில் அகுவா அமார்கா கடற்கரைக்கு அனுப்பிய பழைய உலைகள் எட்டும் வரிசையாக நிற்கின்றன. அதைவிடத் தெளிவான அடையாளம் அந்த வட்டாரத்தில் கிடையாது. அங்கே நிற்கிறேன் என்று சொல்லி, இருப்பிடத்தையும் படத்தையும் அனுப்பினேன்.

அங்கே ஐந்தரை மணி நேரம் நின்றேன். மூன்றாவது அழைப்பில், இது மதிய ஓய்வு நேரம், ஐந்து மணிக்கு மேல் பேசுங்கள் என்றார்கள். ஐந்து மணிக்கு மேல் யாரும் எடுக்கவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு மூதாட்டி நிலைமையைப் புரிந்துகொண்டு தன் வீட்டிலிருந்து தண்ணீரும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊர் மக்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே கெட்டது அந்த வேன் ஒன்றுதான். இரவு தங்க வேண்டிய வீட்டின் உரிமையாளரோ தம்மிடம் யாரும் என் பெயரில் முன்பதிவு செய்யவில்லை என்றார். கைப்பணம் கொடுத்து அங்கேயே தங்கினேன். என் பெட்டி நிஹாரில் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. மறுநாள் வாடகைக் காரில் நிஹார் சென்று பெட்டியை எடுத்துக்கொண்டு, சைக்கிளோடு அல்மெரியா நகருக்குப் போனேன். ஒப்பந்தத்தில் இருந்த முகவரியில் ஒரு கிடங்கின் இழுகதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டுப் போகச் செய்தி வந்தது, போனேன். வெலெஃபீகேயை நான் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் எரிக்கிறது. முகவரிடம் கேட்டால், பணத்தைப் பற்றித் தளத்திடம் பேசுங்கள் என்கிறார். தளத்திடம் கேட்டால், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, சேவைக்கு முகவர்தான் பொறுப்பு என்கிறார்கள். மெக்கானிக் வந்தார், உங்களைக் காணவில்லை என்று ஒரு மடல். நான் நேரத்தோடு கூடிய படங்களை அனுப்பியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, சட்டகத்தின் பின்பகுதியில் விரிசல், பழுதுநீக்கச் செலவு வைப்புத்தொகையைவிட அதிகம், ஆகவே 500 யூரோவைத் தர இயலாது என்று அடுத்த மடல். விரிசலின் படத்தையும் இணைத்திருந்தார்கள். முதல் நாள் காலை நிஹாரில் ஒரு வெள்ளைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து நான் ஆசையாக எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில், அவர்கள் விரிசல் காட்டும் அதே இடத்தில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கிறது. அவர்கள் படத்தில் அந்த ஒட்டுத்தாள் உரிக்கப்பட்டு, அதன் பசைத்தடம் மட்டும் சதுரமாகத் தெரிகிறது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அனுப்பினேன். நேற்று வந்த பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் கையெழுத்திட்ட தாளின் நகல் மட்டும் இருந்தது. என் வங்கியும் கைவிரித்துவிட்டது. பணம் பெற்றவர் சம்மதித்தால்தான் பரிமாற்றத்தைத் திரும்பப் பெற முடியுமாம். அட்டையில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவிக்க வழி இருந்திருக்கும். 80 யூரோ மிச்சம் பிடிக்கப் போய் 1,460 யூரோவைக் கொடுத்துவிட்டேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத எண்ணியே உட்கார்ந்தேன்; இப்போது அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். சைக்கிளைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் வாங்குங்கள். ஒட்டுத்தாள் இருந்தால் கொடுப்பவர் முன்னிலையிலேயே உரித்துப் பாருங்கள். படிக்க முடியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். தங்கும் வீடுகளை ஒரு நாள் முன்னதாக நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். அல்மெரியா அடங்கிய அந்தலூசியா மாநிலத்தில் கடை நடத்தும் எவரும் கேட்டவுடன் அரசின் புகார்த் தாளைத் தந்தாக வேண்டும். அங்கிருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். பூட்டிய கதவின் முன் நின்ற எனக்கு அதைக் கேட்க ஆள் இல்லை. நான் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

டிஸ்க் பிரேக் கொண்ட அந்தச் சைக்கிளின் படம், ஏப்ரலில் இன்னும் இடம் இருக்கிறது என்ற குறிப்போடு, இன்று காலையும் அந்தத் தளத்தில் இருக்கிறது.