கிஸ்மெட்டா, போன் செயலியா? ஜிபிஎஸ் மக்கர் பண்ணும்போது எது கைகொடுக்கும்

எங்கள் குடியிருப்பு வளாகத்தில் வைஃபை எந்த மூலை வரை எட்டுகிறது என்று வரைபடம் போட்டுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு வழிகள் தெரிந்தன: ஆண்ட்ராய்டு போனில், கண்ணில் படும் வைஃபைகளை இடத்தோடு பதியும் விகிள் செயலி, அல்லது லினக்ஸ் மடிக்கணினியில் அதே வேலையைச் செய்யும் கிஸ்மெட் என்கிற நிரலும் ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவரும். முன்பு பலரும் இதற்கு வைத்திருந்த நெட்ஸ்டம்ப்ளர் என்கிற விண்டோஸ் நிரல் 2004-ஓடு நின்றுபோனது, அதை விட்டுவிடலாம்.

சுலபம் என்றால் போன்தான். செலவு இல்லை, பையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். ஆனால் ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி 2 நிமிடத்துக்கு 4 முறைதான் வைஃபையை ஸ்கேன் செய்யலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் அந்தக் கட்டுப்பாட்டை அணைக்கலாம். அணைக்காமல் நடந்தால் இடையில் பல ரவுட்டர்கள் விட்டுப்போகும். கிஸ்மெட் தானாக எதையும் அனுப்பாமல் காற்றில் வருவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மானிட்டர் மோடு (எந்த நெட்வொர்க்கிலும் சேராமல் எல்லாவற்றையும் கேட்கும் நிலை) தரும் வைஃபை அட்டை வேண்டும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் நானும் போனோடு நின்றிருப்பேன். என்னை கிஸ்மெட் பக்கம் இழுத்தது, இடம் தவறாக விழும்போது காரணத்தைத் தேடிப் பிடிக்க முடிவதுதான். போனில் புள்ளி பக்கத்துத் தெருவில் விழுந்தால், அது செயற்கைக்கோள் கணக்கா, சுற்றியுள்ள வைஃபையை வைத்துப் போன் போட்ட ஊகமா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

மடிக்கணினியில் முதல் நாள் நெட்வொர்க்குகள் எல்லாம் வந்தன, இடம் மட்டும் ஒன்றுக்கும் இல்லை. அடியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். ரிசீவரைச் செருகியதும் லினக்ஸின் கர்னல் பதிவில் சீரியல் போர்ட்டாக வந்ததா? வந்தது. அந்தப் போர்ட்டில் என்எம்இஏ வரிகள், அதாவது ஜிபிஎஸ் ரிசீவர் இடத்தைச் சொல்லும் எழுத்து வரிகள், ஓடுகின்றனவா? ஓடின. அவற்றில் ஜிஜிஏ என்ற வரியில், பெயருக்கு அப்புறம் காற்புள்ளியால் பிரித்த ஆறாவது இடத்தில் 0 இருந்தால் இன்னும் ஃபிக்ஸ் (இடக் கணக்கு) கிடைக்கவில்லை; எனக்கு 1 இருந்தது. ஆக, ரிசீவர் மேல் தப்பில்லை. அப்புறம்தான் புரிந்தது: ஜிபிஎஸ்டி என்கிற பின்னணி நிரல் பிடித்து வைத்திருந்த அதே போர்ட்டை கிஸ்மெட்டும் நேரடியாகத் திறக்கப் பார்த்திருக்கிறது. கிஸ்மெட் அமைப்பில் சீரியல் போர்ட்டை எடுத்துவிட்டு, ஜிபிஎஸ்டி காது கொடுக்கும் 2947 என்ற நெட்வொர்க் போர்ட்டைக் கொடுத்தேன். உடனே இடம் வர ஆரம்பித்தது.

ரொம்ப நாள் சும்மா கிடந்த ரிசீவர் என்றால் பதறவேண்டாம். செயற்கைக்கோள் பட்டியல் முழுதாக இறங்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். மொட்டை மாடியில், திறந்த வானத்தின் கீழே வைத்துக் காத்திருங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டை ஒட்டிச் செருகாமல் ஒரு நீட்டிப்பு கேபிள் போடுங்கள். அந்தப் போர்ட்டிலிருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையையும் கெடுக்கும்.

நான் நடந்துதான் அளந்திருக்கிறேன். வண்டியில் வேகமாகப் போகும்போது கிஸ்மெட் சேனல் மாறி மாறிக் கேட்பதில் எவ்வளவு தவறும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. ஒரே ஒரு வீட்டில் சிக்னலைப் பார்க்கவேண்டும் என்றால் இன்றைக்கும் நான் போனைத்தான் எடுக்கிறேன்.