வைப்புத்தொகையின் பேரில் வாங்கிய கிரெடிட் கார்டு: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஈரோட்டில் தையல் பொருள்கள் விற்கும் சிறிய கடை ஒன்றைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். நூல்கண்டு, லைனிங் துணி, ஜிப், பொத்தான் என்று மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, சொன்ன தேதியில் பணத்தைச் சேர்த்துவிடுவதால் கடைத்தெருவில் என் பெயருக்கு நாணயம் உண்டு. அந்த நம்பிக்கையில்தான், 2023 ஏப்ரலில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் ஒன்று வாங்குவதற்காக வங்கியில் கடன் கேட்டு விண்ணப்பித்தேன். பத்தே நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. நான் பணம் கட்டத் தவறியதாக எந்தப் புகாரும் இல்லை. என்னைப் பற்றிய பதிவே எங்கும் இல்லை என்பதுதான் காரணம். வங்கி எடுத்த கடன் அறிக்கையில், மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ‘-1’ என்று அச்சாகியிருந்தது.

பதினான்கு ஆண்டுகளில் நான் கட்டிய சீட்டுத் தவணைகள், அடகுக்கடையில் வைத்து நாள் தவறாமல் மீட்ட நகைகள், மொத்த வியாபாரிகளுக்குத் தீர்த்த பாக்கிகள் ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாங்கள் கொடுத்த கடனைப் பற்றி அனுப்பும் விவரங்களைக் கொண்டுதான் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் அறிக்கை தயாரிக்கின்றன. 300-இலிருந்து 900 வரை போகும் மதிப்பெண்ணும் அந்த விவரங்களிலிருந்தே கணக்கிடப்படுகிறது. கடைத்தெரு நாணயத்தை எழுதிவைக்க அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது. கடன் இருந்தால்தான் பதிவு உண்டாகும், பதிவு இருந்தால்தான் கடன் கிடைக்கும் என்ற இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியது, வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. பல வங்கிகள் சிறு சிறு வேறுபாடுகளோடு இதைத் தருகின்றன. என்னுடையது ஒரு தனியார் வங்கியினுடையது. குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்த்து, இந்த வகை அட்டையைப் பற்றியே எழுதுகிறேன்.

2023 ஜூனில் ஐம்பதாயிரம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டேன். அதில் எண்பது சதவீதம், அதாவது நாற்பதாயிரம் ரூபாய், அட்டையின் வரம்பாகக் கிடைத்தது. வருமானச் சான்று, ஐடி ரிட்டர்ன் எதுவும் கேட்கவில்லை. பான், ஆதார் இரண்டோடு வேலை முடிந்தது. ஆண்டுக் கட்டணம் இல்லை. வைப்புத்தொகைக்கு வழக்கமான வட்டி வந்துகொண்டே இருக்கும், ஆனால் அட்டை நடப்பில் இருக்கும்வரை அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. அவசரத்துக்கு எடுக்கலாம் என்று நினைத்து ஒதுக்கிய பணத்தை இதில் போடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் அட்டை வீட்டுக்கு வந்தது. இந்த அளவில் சேவையைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை தொடங்கியது விளக்கத்தில்தான். அட்டையைக் கொடுக்க விண்ணப்பம் வாங்கிய அலுவலர், “மேடம், மாசாமாசம் மினிமம் டியூவைக் கட்டிட்டாலே போதும், ஸ்கோர் தானா ஏறும்” என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார், ஆனால் அது பாதி உண்மை. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாது என்பது சரி. மீதித் தொகைக்கு என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. என் அட்டைக்கு மாத வட்டி மூன்றரை சதவீதம், ஆண்டுக்கு நாற்பத்திரண்டு. முப்பதாயிரம் ரூபாய் பில் வந்து, ஐந்து சதவீதமாகிய 1,500 ரூபாயை மட்டும் கட்டினால், மீதியுள்ள 28,500 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 998 ரூபாய். அந்த வட்டியின் மேல் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 180 ரூபாய் சேர்ந்தால் 1,177 ரூபாய்க்கு வந்து நிற்கும். அடுத்த மாதமும் 1,500 ரூபாய் கட்டினோம் என்றால் அசலில் குறைவது 323 ரூபாய்தான். போதாக்குறைக்கு, பாக்கி வைத்திருக்கும் காலத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாள்களும் கிடைக்காது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. என் பில்லிலும் அது இருக்கிறது, இரண்டாம் பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தெரிவது கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. கந்துவட்டிக்கு அஞ்சி வங்கியை நாடி வரும் சிறு வியாபாரிகளை நினைக்கும்போது இந்த அச்சமைப்பு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஏடிஎம்மில் பணம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எடுத்த நொடியிலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். நான் ஒரு முறைகூட எடுத்ததில்லை.

ஆறு மாதம் முழுமையாகக் கட்டிவந்த பிறகு முதல் மதிப்பெண் தெரிந்தது: 746. அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அது 721-ஆக இறங்கியபோது, ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கட்டியிருந்த எனக்குக் காரணம் புரியவில்லை. பழைய பில்களை விரித்துவைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தீபாவளிக்குப் பின் வந்த முகூர்த்த மாதத்தில், லைனிங் துணிக்காக அட்டையில் 34,000 ரூபாய் செலவழித்திருந்தேன். நாற்பதாயிரம் வரம்பில் அது எண்பத்தைந்து சதவீதம். வங்கி தகவல் அனுப்பும் நாளில் கணக்கில் எவ்வளவு நிலுவை நிற்கிறதோ அதுதான் அறிக்கையில் ஏறுகிறது. அதற்குப் பிறகு நான் முழுவதையும் கட்டினாலும் அந்தப் படம் பதிவாகிவிட்டது. வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். நாற்பதாயிரம் வரம்பு உள்ளவருக்கு அது வெறும் பன்னிரண்டாயிரம். சிறிய வைப்புத்தொகையில் தொடங்குபவருக்கு இந்த அட்டையின் பெரிய இடைஞ்சல் இதுவே. கடைச் சரக்குக்கு அட்டையைப் பயன்படுத்தலாம் என்று நினைத்த எனக்கு, கடையின் மின்கட்டணம், செல்பேசி ரீசார்ஜ், வீட்டு மளிகை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அதிகம் செலவாகும் மாதத்தில் பில் போடும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுவேன். நான்கே மாதத்தில் மதிப்பெண் பழைய நிலையைத் தாண்டியது. வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்ததிலிருந்து, இறக்கமும் ஏற்றமும் இப்போது முன்பைவிட விரைவாகத் தெரிகின்றன.

தானாகப் பணம் கட்டும் ஆட்டோ டெபிட் வசதியைப் பதிவுசெய்த மாதத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. அந்த வசதி அடுத்த பில்லிலிருந்துதான் நடைமுறைக்கு வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏழாம் தேதி கடைசி நாள். ஒன்பதாம் தேதி காலையில் கணக்கைப் பார்த்தபோது பணம் கழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. கைகால் நடுங்க உடனே கட்டினேன். கடைசித் தேதியிலிருந்து மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் விதிக்கவோ, தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவோ முடியும் என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்லியிருந்தது. அதனால் தப்பித்தேன். அன்றிலிருந்து ஆட்டோ டெபிட் இருந்தாலும், ஐந்தாம் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டுவைக்கிறேன்.

இந்த அட்டையோடு சேர்த்து மதிப்பிட வேண்டிய இன்னொரு சேவை, இலவசக் கடன் அறிக்கை. 2017 ஜனவரி முதல், நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. அப்படியானால் நான்கு அறிக்கைகள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடனுக்கு விண்ணப்பித்து வங்கி பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும். இந்த வேறுபாடு தெரியாமல் பலர் தங்கள் அறிக்கையைப் பார்க்கவே அஞ்சுகிறார்கள். நான் மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று சுழற்சி வைத்து எடுக்கிறேன்.

அறிக்கையில் என் கண் முதலில் போவது மாதக் கட்டங்களுக்குத்தான். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சிறு கட்டம். அதில் எத்தனை நாள் தாமதம் என்ற எண். உரிய நாளில் கட்டியிருந்தால் 000. என் அட்டைக்கு நேரே மாலையில் கோத்த முத்துபோல 000 வரிசையாக நிற்கும். 2024 அக்டோபரில் எடுத்த அறிக்கையில் அதற்குக் கீழே இன்னொரு கணக்கு முளைத்திருந்தது. நான் வாங்காத இருசக்கர வாகனக் கடன். கட்டங்களில் 028, 059, 089 என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள். முகவரி நாமக்கல் பக்கம். பெயர் மட்டும் என்னுடையது, தலைப்பெழுத்தும் அதேதான். நம் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோ கணவர் பெயரின் முதல் எழுத்தோ போட்டு எழுதுகிறோம். வங்கிப் படிவமோ கடைசிப் பெயர் கேட்கிறது. பான் அட்டையில் தலைப்பெழுத்து விரிந்து ஒரு விதமாகவும், ஆதாரில் சுருங்கி வேறு விதமாகவும் இருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்த வாகனக் கடன் பதிவில் பான் எண்ணே இல்லை. பெயரைப் பார்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இணையத்திலேயே முறையீட்டைப் பதிவுசெய்தேன். கடன் கொடுத்த நிறுவனம் இருபத்தொரு நாளுக்குள் கடன் தகவல் நிறுவனத்துக்குப் பதில் தர வேண்டும், மொத்தம் முப்பது நாளுக்குள் முறையீடு தீர வேண்டும், அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, பான் நகலோடு நிதி நிறுவனத்துக்குத் தனியாகப் பதிவுத் தபாலும் அனுப்பினேன். இருபத்தாறாம் நாள் அந்தக் கணக்கு என் அறிக்கையிலிருந்து நீங்கியது. மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் உடனே எடுத்துப் பார்த்தேன். அவற்றில் இந்தப் பிழை இல்லை. ஒன்றில் சரியாக இருப்பதால் எல்லாவற்றிலும் சரியாக இருக்கும் என்று நம்பியிருந்தால், அடுத்த கடன் விண்ணப்பத்தன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

அப்படியானால் இந்த அட்டையை வாங்கலாமா? பக்கத்து நூல் கடைத் தம்பி, “அக்கா, டெபாசிட் பேர்ல கார்டு வாங்கறது நம்ம காசுக்கு நாமளே வட்டி கட்டற கதைதானே?” என்று கேட்டார். முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுபவர் ஒரு ரூபாய்கூட வட்டி கட்டுவதில்லை என்று அவருக்குப் பில்லைக் காட்டினேன். சீட்டிலும் கைமாற்றிலும் வாழ்ந்து, வங்கியில் பதிவே இல்லாதவர்கள், கணவர் பெயரிலேயே எல்லாக் கடனும் இருப்பதால் தங்களுக்கென்று வரலாறு இல்லாத பெண்கள், முன்பு ஒரு கடனில் சறுக்கி மீண்டும் எழ நினைப்பவர்கள் ஆகியோருக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். நல்ல மதிப்பெண் ஏற்கெனவே உள்ளவருக்கு இதனால் பயன் குறைவு. மாதக் கடைசியில் கையிருப்புத் தட்டுப்பாடாகும் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். “டெபாசிட்தான் இருக்கிறதே, வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்” என்று விடுவது பெரும் பிழை. வங்கி எடுத்துக்கொள்வதற்கு முன் ஓடிய தாமத நாள்கள் கட்டங்களில் ஏறிவிடும். வரம்பைப் பொறுத்தவரை, முடிந்தவர்கள் ஒரு லட்சம் ரூபாயில் தொடங்கினால் நான் பட்ட இடைஞ்சல் இருக்காது.

2025 செப்டம்பரில், மதிப்பெண் 779 இருந்தபோது, எம்பிராய்டரி இயந்திரத்துக்கு மீண்டும் விண்ணப்பித்தேன். ஒரே ஒரு வங்கியில் மட்டும். ஒரே மாதத்தில் நாலைந்து இடத்தில் கேட்டால் விசாரணைகள் குவிந்து, பணத்துக்குத் தவிப்பவர்போல அறிக்கையில் தெரியும். கடன் கிடைத்தது. இயந்திரம் கடையின் பின்கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு தவணைகள் கட்டியாகிவிட்டன. அதே வங்கி இப்போது ஈடில்லாத அட்டையும் தருவதாகச் சொல்கிறது. பழைய அட்டையை மூடிவிட்டு வைப்புத்தொகையை மீட்கலாம். முழு நிலுவையையும் தீர்த்த பின் மூடச் சொன்னால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் என் பெயரில் உள்ள மிகப் பழைய கணக்கு அதுதான். புதிய கடனுக்கு ஒரு வயது நிறையும்வரையாவது, அந்த ஐம்பதாயிரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.