எங்கள் சிவில் கிளாஸ் புத்தகமும் அதை அடித்துக் கொடுத்த சிவகாசி பிரஸ்ஸும்

2024-ல் ஃபேர்வெல் சமயத்தில் எங்கள் சிவில் இன்ஜினியரிங் கிளாஸுக்காக சிவகாசியில் ஒரு சின்ன டிஜிட்டல் பிரஸ்ஸில் புத்தகம் அடித்தோம். ஏ4 அளவு, 96 பக்கம், முழுக்கக் கலர், கெட்டி அட்டை, நூல் தையல். மொத்தம் 45 பிரதி. ஒரு பிரதி 780 ரூபாய் விழுந்தது. ஜூனியர்களில் யாராவது ஒருத்தர் அடிக்கடி போன் பண்ணி, "எங்க அடிச்சீங்க அக்கா, எவ்வளவு ஆச்சு, நல்லா வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிப் போட்டுவிடுகிறேன். பிரஸ் பெயரைப் போடவில்லை. குறையும் நிறைய சொல்லப்போகிறேன், பிரஸ் நடத்துகிற அண்ணாச்சி நல்ல மனுஷர்.

முதலில் நாங்கள் வேண்டாம் என்று விட்டதைச் சொல்கிறேன். 'மெமரி புக் பேக்கேஜ்' என்று பல இடங்களில் தருகிறார்கள். போட்டோவையும் பெயரையும் அனுப்பினால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அண்ணாச்சியிடமும் அது இருந்தது. மேஜை மேல் மாதிரிக்காக மூன்று கல்லூரிகளின் புத்தகங்களை வைத்திருந்தார். மூன்றிலும் சூரிய அஸ்தமனத்தில் தொப்பியை மேலே எறிகிற அதே நிழலுருவங்கள், ஆளுக்கு அரைப் பக்கம், பெயருக்குக் கீழே பிடித்த கலர், பிடித்த நடிகர், இங்கிலீஷில் ஒரு பொன்மொழி. அட்டையிலிருக்கும் கல்லூரிப் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று அடித்தவருக்கே தெரியாது. பேக்கேஜில் பிரதிக்கு 150 ரூபாய் குறைவுதான். ஆனால் எங்கள் கிளாஸுக்கு அது ஒத்தே வராது.

ஏனென்றால் நாங்கள் 2020-ல் சேர்ந்தவர்கள். அறுபது சீட்டுக்கு 34 பேர் வந்தோம். சிவில் என்றாலே "வேற எதுவும் கிடைக்கலையா?" என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்த காலம். முதல் வருஷம் பெரும்பாலும் கூகுள் மீட்டிலேயே ஓடியது. கேமரா ஆன் பண்ணுகிற வழக்கமே கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டில் கட்டம் கட்டமாக வட்டங்கள், வட்டத்துக்குள் ஓர் எழுத்து. நாலு பேருக்கு 'எஸ்', மூணு பேருக்கு 'எம்'. ஓரத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் தவறுதலாகக் கேமரா ஆன் ஆகி ஒருத்தன் வீட்டு மின்விசிறி தெரிகிறது. இதைத்தான் முதல் முழுப் பக்கமாகப் போடச் சொன்னோம்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, வட்டத்துக்குள்ள எழுத்துதான இருக்கு? ஆள் மூஞ்சியே இல்லையே, இதையா முழுப் பக்கம் போடச் சொல்ற?"

"ஆமா அண்ணாச்சி. அதுதான் எங்க ஃபர்ஸ்ட் இயர்."

ரெசல்யூஷன் போதாது, படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும் என்று எச்சரித்தார். பொரிந்துதான் வந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கிய எல்லாரும் முதலில் விரலை வைத்துத் தேடியது அந்தப் பக்கத்தில்தான், எந்த 'எஸ்' யாருடையது என்று. அந்த ஃபேன் யார் வீட்டு ஃபேன் என்பதில் இன்றைக்கும் குரூப்பில் சண்டை நடக்கிறது.

இரண்டாம் வருஷம் டிப்ளமோ முடித்து நாலு பேர் லேட்டரல் என்ட்ரியில் வந்தார்கள். "முதல் பத்துப் பக்கத்துல நாங்க இல்லவே இல்ல, அதுக்கும் சேர்த்தா நாங்க காசு குடுக்கணும்?" என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். அந்த வருஷம் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு பக்கம் ஒதுக்கினோம். ஒருத்தன் மேஸ்திரி அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போனதை எழுதியிருந்தான். பிளம்ப் பாப் என்கிற தூக்குக் குண்டைப் பிடித்துப் பிடித்தே சுவர் தூக்கு பார்க்கப் பழகினவன் அவன். நாங்கள் அதே நேரத்தில் அதை யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதி வந்ததில் எனக்குப் பிடித்த பக்கம் அது.

மற்றவர்களுக்கு ஆளுக்கு அரைப் பக்கம் என்ற ஏற்பாடே வைக்கவில்லை. ரோல் நம்பர் வரிசையில் ஒவ்வொருத்தரும் தனக்கு அடுத்த நம்பரைப் பற்றி எழுத வேண்டும், கடைசி நம்பர் முதல் நம்பரைப் பற்றி. லேப் பேட்ச், பரீட்சை ஹால், வைவா எல்லாமே ரோல் நம்பர்தான். விருப்பமோ இல்லையோ நாலு வருஷம் பக்கத்தில் நின்ற ஆள் அவர்தான். நெருங்கிய தோழியைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் 'உயிர்த்தோழி', 'மறக்க முடியாத நாட்கள்' என்று அடித்து அனுப்புவார்கள். அடுத்த நம்பரைப் பற்றி எழுதச் சொன்னால் உண்மை வருகிறது. டிராயிங் போடுகிற டிராஃப்டர் கருவியைப் பற்றி 22 எழுதியது: "23 என் டிராஃப்டரை செகண்ட் இயரில் வாங்கிப் போனான். இந்தப் புத்தகம் அச்சாகிறவரை தரவில்லை." கையெழுத்துப் பக்கத்தில் 23-இன் பதில்: "ஜூனியரிடம் 200 ரூபாய்க்கு வித்துட்டேன். அன்னைக்கு நீ குடிச்ச டீ அந்தக் காசுதான்." பேக்கேஜ் புத்தகத்தில் இது எங்கே வரும்?

படங்களில் தேறியவை சர்வே கேம்ப்பும் கான்கிரீட் லேப்பும்தான். ஏற்காட்டில் டோட்டல் ஸ்டேஷன் என்கிற சர்வே கருவியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்த படங்கள் எல்லாரிடமும் இருந்தன. அதில் மூன்றுதான் போட்டோம். அதற்குப் பதிலாக ஒரு குழுவின் ஃபீல்டு புக் தாளை அப்படியே ஸ்கேன் பண்ணிப் போட்டோம். பென்சில் கணக்கு, அடித்தல் திருத்தல், மூலையில் டீக்கறை, டிராவர்ஸ் மூடாமல் போய் (அதாவது சுற்றி அளந்து வந்த கோடு தொடங்கிய புள்ளியில் வந்து சேராமல்) கடைசி வரியில் மூன்று கேள்விக்குறி. போனில் எடுத்த படத்தை விட ஸ்கேனரில் எடுத்தது பல மடங்கு சுத்தமாக அச்சாகியிருக்கிறது. அடுத்த பக்கம் கான்கிரீட் கியூப். 150 மில்லிமீட்டர் கியூப், எம்20 கலவை. ஈரமாக இருக்கும்போது எங்கள் பேட்ச் ஆணியால் பெயரின் முதல் எழுத்துகளைக் கீறி வைத்தது. 28 நாள் தண்ணீரில் ஊறி, மெஷினில் ஏறி, 450 கிலோநியூட்டனைத் தாண்டி உடைந்தது. பக்கவாட்டில் சில்லுகள் கழன்று, நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டு பிரமிடு தலைக்குத் தலை முட்டி நிற்கிற மாதிரி நிற்கும் கியூப். கழன்ற சில்லு ஒன்றில் எங்கள் எழுத்துகள் அப்படியே. அச்சு என்று பார்த்தால் இந்தப் பக்கத்துக்கு முழு மார்க். சிமெண்ட் சாம்பலின் நிற வேறுபாடுகள்கூட அழகாக விழுந்திருக்கின்றன.

இனி குறைகள். பெரிய குறை, தமிழ். எல்லாரும் போனில் யூனிகோடில் அடித்து அனுப்பியிருந்தோம். டிசைனர் அக்கா பழக்கத்தில் பழைய ஃபான்ட் ஒன்றைப் போட, முதல் ப்ரூஃபில் பத்தி பத்தியாகக் கட்டங்களும் குறிகளும். அதைச் சரிசெய்த ப்ரூஃபில் கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் லட்சக்கணக்கில் அச்சாகிற ஊரில் இப்படியா என்று எனக்குக் கோபமே வந்தது. விஷயம் சின்னதுதான். யூனிகோட் ஃபான்ட் வைக்க வேண்டும், பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்ற வேண்டும். எங்கள் கிளாஸ் பையன் ஒருத்தன் நெட்டில் தேடி இதைச் சொன்ன பிறகுதான் சரியானது. அதன் பிறகும் அக்கா தனியாகச் செய்து வைத்திருந்த பொருளடக்கத்தில் இரண்டு இடத்தில் உடைந்த எழுத்து அப்படியே அச்சேறியது. ப்ரூஃபில் நாங்கள் வட்டம் போட்டுக் கொடுத்த இடங்கள் அவை. கேட்டதற்குப் பிரதிக்குப் பத்து ரூபாய் குறைத்தார்கள். மேலே சொன்ன 780 அது கழித்த விலை.

கலர் பற்றி அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்போர்ட்ஸ் டேக்குத் திருப்பூரில் அடித்த கிளாஸ் டீஷர்ட் ஃப்ளோரசன்ட் பச்சை. போன் திரையில் கண்ணைப் பறிக்கும். புத்தகத்தில் பாசிப்பயறு நிறத்தில் வந்தது. நாலு வண்ண அச்சில் அந்தப் பச்சை வரவே வராது, யார் அடித்தாலும் அப்படித்தான். அவர் முன்கூட்டியே ஒரு தாள் அடித்துக் காட்டிவிட்டார். படத்தின் தரம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். ஏ4 முழுப் பக்கத்துக்கு நன்றாக வர வேண்டுமானால் 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் டிரைவில் போடச் சொல்லுங்கள். சொன்னாலும் பாதிப்பேர் கேட்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

காகிதத்தில் நான் பிடிவாதம் பிடித்ததற்கு எங்கள் அம்மாவின் ஆட்டோகிராஃப் நோட்டுதான் காரணம். ரோஸ், மஞ்சள், பச்சை என்று கலர் கலராகச் சொரசொரத் தாள், அதில் மை இன்னும் கலையாமல் இருக்கிறது. நாங்கள் அடித்தது 130 ஜிஎஸ்எம் கனத்தில் மேட் ஆர்ட் பேப்பர், பளபளக்காத பூச்சுத் தாள். படத்துக்கு அருமை, ஆனால் ஜெல் பேனாவில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கமெல்லாம் ஈஷிக்கொள்கிறது. மாதிரிப் புத்தகத்தில் அங்கேயே எழுதிப் பார்த்தேன். அதனால் கடைசி 16 பக்கத்தை மட்டும் மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத தாளில் போடச் சொன்னோம். "ஒரே புத்தகத்துல ரெண்டு பேப்பரா?" என்று முனகினார், ஆனால் செய்து கொடுத்தார். 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்துத் தைக்கிற ஒரு கட்டு என்பதால் அந்த ஃபாரத்தை மட்டும் வேறு தாளில் அடித்துச் சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. கூடுதல் காசும் வாங்கவில்லை. இதை அவசியம் கேளுங்கள்.

பைண்டிங்குக்குச் செலவு பண்ணுங்கள். முதுகில் வெறும் பசை போடுகிற பைண்டிங் பிரதிக்கு 60 ரூபாய் மலிவாக இருந்தது. ஆனால் ஆர்ட் பேப்பர் வழுவழுப்பு. பசை பிடிமானம் குறைவு, புத்தகத்தை விரித்து வைத்தால் கொஞ்ச நாளில் தாள் கழன்று வரும். நாங்கள் நூல் தையல் கேட்டோம். என் பிரதி வேலைக்குப் போன சைட் ஆபீஸ் வரை வந்து, சிமெண்ட் தூசியில் கிடந்து, ஒரு தாள்கூட அசையவில்லை. அட்டையில் ஒட்டிய மேட் லேமினேஷன் மட்டும் மூலைகளில் உரிந்திருக்கிறது. அறையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளின் பிரதியிலும் உரிந்திருக்கிறது என்பதால் இது தூசி செய்த வேலை இல்லை, ஒட்டினதில்தான் கோளாறு.

தாமதம் உண்டு. ஃபேர்வெல் அன்றைக்குக் கையில் தருவதாகச் சொன்ன புத்தகம் அன்று வரவில்லை. ஏப்ரல் 19 பாராளுமன்றத் தேர்தல். பிரஸ் முழுக்க நோட்டீஸ் வேலை. காலண்டர் சீசன்தான் பிரச்சினை, ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்ட பிறகு மார்கழி வரை சிவகாசி பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, அதற்கு முன்னால் என்றால் ஃப்ரீ என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தேர்தலை யாரும் கணக்கில் வைக்கவில்லை, தேதி தெரிந்தே ஆர்டர் எடுத்த பிரஸ்ஸும் வைக்கவில்லை. கடைசியில் புராஜெக்ட் வைவா அன்று பஸ் பார்சலில் வந்தது. ஒரு வகையில் அதுவும் நல்லதாகப் போயிற்று: எல்லாரும் ஃபார்மல் சட்டையில் லேப் வாசலில் வரிசையாக, ரோல் நம்பர்படி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒருத்தன் பீம் டிசைனுக்குத் திணறிக்கொண்டிருக்க, வெளியே மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் எச்ஓடி இரண்டு முறை எழுந்து வந்தார். லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். அவர் கியூப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மோல்டைத்தான் எண்ணெய் போடாம வச்சுட்டுப் போனீங்க" என்றார்.

மார்க் கேட்டால் அச்சுக்கு 5-க்கு 4, பைண்டிங்குக்கு 4, தமிழுக்கு 2, நேரத்துக்கு 1. மறுபடியும் அங்கேதான் கொடுப்பேன். ஆனால் முன்பணம் பாதிக்கு மேல் தர மாட்டேன். கடைசி ப்ரூஃபைத் தாளில் அடித்து, அதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டுமில்லாமல் இன்டிசைன் கோப்பையும் ஃபான்ட், படங்களோடு வாங்கி வையுங்கள். எங்களில் ஒருத்தி வீடு மாறும்போது பிரதியைத் தொலைத்துவிட்டாள். ஒரே ஒரு பிரதி மட்டும் அடிக்க அண்ணாச்சி 1,600 ரூபாய் சொன்னார், தையல் கிடையாதாம். மீதி இருந்ததில் ஒன்றை அவளுக்கு அனுப்பிவிட்டேன். அதில் கையெழுத்துப் பக்கம் காலி, அதனால் போகிற கல்யாணத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து எல்லாரிடமும் எழுதி வாங்குகிறாள். 23 இன்னும் அவளுக்கு எழுதித் தரவில்லை.