மீத்திறன் பிள்ளையை யார் தேடிப் போவது? பள்ளிகளின் வழிகள், ஓர் ஒப்பீடு

கோலாலம்பூரின் செந்தூலில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் கணித வகுப்புக்கு ஒரு பையன் வருவான். வீடு, வருமானம் குறைந்தவர்களுக்கான பி.பி.ஆர். அடுக்குமாடியில். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு கேன்டீனில் வேலை. மூன்றாம் ஆண்டில் இருந்தபோதே ஐந்தாம் ஆண்டின் பின்னக் கணக்கை ரொட்டியைப் பிய்த்துக் காட்டி மற்றவர்களுக்கு விளக்குவான். பள்ளியில் அவனுக்குக் கிடைத்த பெயரோ ‘கவனம் இல்லாதவன்’. தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்ப எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் கவனம் நிற்கும்? இப்படிப்பட்ட ஒரு பிள்ளை எந்த வழியில் கண்ணில் படுவான், எந்த வழியில் தவறிப்போவான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நமக்குப் பழகிய வழி, மதிப்பெண்ணும் ஆசிரியரின் கண்ணும். ஆசிரியரின் கண்ணை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மீத்திறன் என்பது சராசரிக்கு மேற்பட்ட திறமை, படைப்பாற்றல், எடுத்த காரியத்தில் விடாப்பிடி ஆகிய மூன்றும் சேருமிடம் என்று ஜோசப் ரென்சுல்லி 1978-இல் எழுதினார். இவற்றில் கடைசி இரண்டையும் தினமும் கூட இருக்கும் ஆசிரியர்தான் பார்க்க முடியும். ஆனால் நிரம்பிய வகுப்பில் அடக்கமாக உட்கார்ந்து அழகாக எழுதும் பிள்ளைதான் முதலில் கண்ணில் படும். மதிப்பெண்ணும் பாதி டியூஷனின் வேலை.

இரண்டாவது, விண்ணப்பித்து எழுதும் தேர்வு. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யூ.கே.எம்.) 2009-இல் தொடங்கிய பெர்மாத்தா பிந்தார் திட்டம் (இன்று ஜீனியஸ் பிந்தார்) இப்படித்தான் பிள்ளைகளைத் தேடியது. முதலில் இணையம்வழி யூ.கே.எம்.1 என்ற தேர்வு, அதில் தேறினால் கண்காணிப்பாளர் முன்னிலையில் யூ.கே.எம்.2, அதையும் தாண்டினால் விடுமுறை முகாம். படிப்படியாக வடிகட்டுவது நல்ல முறை. யூ.கே.எம்.1 எழுத ஆசிரியரின் பரிந்துரைகூட வேண்டாம். ஆனால் அப்படி ஒரு தேர்வு இருப்பது வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், கணினியும் இணையமும் வேண்டும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வியைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். செந்தூலில் கொமூட்டர் ரயில் ஏறினால் அதே பாதையில் யூ.கே.எம். நிலையத்தில் இறங்கலாம். ஆனால் என் மாணவனின் பெற்றோர் அந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

மூன்றாவது, ஒரு பிள்ளை விடாமல் எல்லோரையும் சோதிப்பது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் புரோவர்ட் கல்வி மாவட்டத்தில் முன்பு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தவர்கள்தான் நுண்ணறிவுச் சோதனைக்குப் போனார்கள். பிறகு இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும், மொழி தேவைப்படாமல் வடிவங்களை வைத்தே யோசிக்கும் ஒரு சிறு சோதனை வைத்தார்கள். டேவிட் கார்ட், லாரா கியூலியானோ என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஹிஸ்பானியப் பிள்ளைகள் எனப் பலர் மீத்திறன் வகுப்புக்குப் புதிதாகத் தேர்வாகியிருந்தார்கள். அவர்களுக்காகத் தகுதிக்கோட்டைக் கீழே இறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை! அப்புறம் பணமில்லை என்று சோதனையை நிறுத்தியதும் பழைய இடைவெளி திரும்பி வந்துவிட்டது.

இந்த ஆய்வைப் படித்த பிறகு என் மனம் மூன்றாவது வழியில்தான் நிற்கிறது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சிங்கப்பூர் 1984 முதல் மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து ஏறத்தாழ ஒரு சதவீதத்தினரை மீத்திறன் கல்வித் திட்டத்துக்குப் பிரித்தெடுத்தது. அந்தத் தேர்வுக்கென்றே டியூஷன் நிலையங்கள் முளைத்தன. 2024 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைப் பழைய வடிவில் தொடரப்போவதில்லை என்று அரசு அறிவித்தது. ஆகவே சோதனை எல்லோருக்கும் இருக்கட்டும், ஆனால் ஒரே நாளில் ஒரு பிள்ளையின் கதை முடிந்துவிடக் கூடாது. சோதனையில் தவறிய பிள்ளையையும் உள்ளே சேர்க்க ஆசிரியருக்கு உரிமை வேண்டும். தேறிய பிள்ளையை வெளியே தள்ளும் உரிமை வேண்டாம்.

சரி, கண்டுபிடித்த பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? 1996 முதல் 2000 வரை இங்கே மலேசியாவில் பி.டி.எஸ். (முதல்நிலை மதிப்பீடு) என்ற தேர்வு இருந்தது. மூன்றாம் ஆண்டில் அதில் தேறினால் நேராக ஐந்தாம் ஆண்டு. செலவில்லாத வழிதான், ஆனால் கணிதத்தில் மட்டும் முன்னே நிற்கும் பிள்ளையை எல்லாப் பாடத்திலும் ஓராண்டு தாவச் சொன்னது. பாங்கி பல்கலைக்கழகத்தில் மீத்திறன் பிள்ளைகளுக்கென்று உள்ளதுபோன்ற விடுதிக் கல்லூரி அதைவிட ஆழமானது. ஒத்த அறிவுள்ள நண்பர்கள் அங்கே கிடைப்பார்கள், இடம் கிடைப்பதோ சிலருக்குத்தான். சின்ன வயதில் அம்மாவைப் பிரிய முடியாத பிள்ளையும் உண்டு. என் கணிப்பில் தொடக்கப்பள்ளிக்கு ஏற்றது, பலமான பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைப்பது. இதற்குப் புதுக் கட்டடமோ நிதியோ வேண்டாம், கால அட்டவணையில் இரண்டு பாடவேளை ஒத்துப்போனால் போதும்.

அந்தப் பையன் இப்போது நான்காம் ஆண்டு. புதிதாக வந்த கணித ஆசிரியை தலைமையாசிரியரிடம் பேசி, வாரத்தில் இரண்டு பாடவேளை அவனை ஆறாம் ஆண்டு வகுப்புக்கு அனுப்புகிறார். போன சனிக்கிழமை விகிதக் கணக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டு, “சார், இது எனக்கு வரல” என்றான். அவன் வாயிலிருந்து இதைக் கேட்டது அதுவே முதல் முறை. அரை மணி நேரம் தலையைத் தூக்காமல் அதையே போட்டுக்கொண்டிருந்தான்.