கேழ்வரகு மாம்பழ கேக்: குக்கரிலா, ஓவனிலா?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் இந்த கேக் கட்டாயம் உண்டு. குக்கர், ஓவன் இரண்டுக்கும் கலவை ஒன்றுதான். கேழ்வரகு மாவும் கோதுமை மாவும் அரை அரை கப், பொடித்த வெல்லம், மாம்பழக்கூழ் முக்கால் முக்கால் கப், எண்ணெய் கால் கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன். கோதுமையை விட்டுவிடாதீர்கள். கேழ்வரகில் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் கிடையாது, வெட்டும்போதே உதிர்ந்துவிடும்.

குக்கர் என்றால் பழையதாக எடுங்கள். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து 10 நிமிடம் சூடேற்றுங்கள். அப்புறம் கலவைப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் 45 நிமிடம். சூடு கீழிருந்து வருவதால் மேல்பக்கம் சிவக்காது. தொட்டால் லேசாக ஒட்டும். ஆனால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மறுநாள் காலையிலும் விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி எழும்பி வருகிறது.

ஓவனில் 180 டிகிரியில் 35 நிமிடம் போதும். வெல்லம் சிவந்து வரும் வாசனையும் மேலே அந்த மெல்லிய முறுகலும் குக்கரில் வரவே வராது. ஆனால் சீக்கிரம் வறண்டுவிடும். அதனால் ஓவனுக்கு மட்டும் கலவையில் இரண்டு ஸ்பூன் பால் கூடுதலாக ஊற்றுங்கள். நடுவில் கரண்ட் போனால் கேக் அமுங்கிவிடும்.

பிஸ்கட்டுக்கு ஓவன்தான், சரி. இந்த கேக்குக்கு மட்டும் என் ஓட்டு குக்கருக்கே. கிளிமூக்கு மாம்பழத்தின் கூழானால் வெல்லத்தை ஒரு கைப்பிடி கூட்டுங்கள், அது கொஞ்சம் புளிக்கும்.