பாடத்திட்டமா, பிள்ளையின் போக்கா?

பள்ளிக்கு அனுப்பாமல் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே வழியில் போவதில்லை. ஒரு சாரார் வீட்டையே வகுப்பறை ஆக்குகிறார்கள்: கால அட்டவணை, பாடப்புத்தகம், மாதத் தேர்வு. இன்னொரு சாரார் பாடத்திட்டத்தையே கைவிட்டு, பிள்ளை தன் போக்கில் கற்றுக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். இதற்கு 1970களில் ‘அன்ஸ்கூலிங்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட். (ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அங்கே பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம்.)

முதல் வழியில் பெற்றோருக்கு நிம்மதி அதிகம். பின்னால் பள்ளிக்குத் திரும்புவதும் சுலபம். சிக்கல், அம்மாவே டீச்சராகிவிடுவதுதான். காலையில் வகுத்தல் கணக்குக்காக முறைத்துக்கொண்ட இருவர் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இரண்டாவதில் அதே வகுத்தல், எட்டு ஸ்டிக்கரை மூன்று பேர் பிரித்துக்கொள்ளும்போது மீதி இரண்டு யாருக்கு என்ற சண்டையில் வருகிறது. வராமலும் போகலாம். ஒன்பது வயதிலும் சரளமாக வாசிக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு பதறாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமல்ல. அதற்காகக் கண் பரிசோதனையையும் கற்றல் குறைபாடு சோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. பீட்டர் கிரே, ஜினா ரைலி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 232 அன்ஸ்கூலிங் குடும்பங்களிடம் கேட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய சவாலாகப் பலர் சொன்னது சுற்றியிருப்பவர்களின் விமர்சனத்தையும் பள்ளி பற்றித் தங்களுக்குள் ஊறிப்போன பழைய எண்ணத்தையும்.

பிள்ளையை மதித்து வளர்ப்பது இரண்டிலும் முடியும். தூங்கும் நேரத்துக்குக் காரணம் சொல்லி, பிள்ளை மறுத்துப் பேசுவதையும் காதுகொடுத்துக் கேட்டால் போதும். கண்டுகொள்ளாமல் விடுவதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. பகலில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க முடிந்தால் என் ஓட்டு அன்ஸ்கூலிங்குக்கு. முடியாத வீட்டில் அட்டவணையே மேல்.