காதுக்குள்ள ஓடற தறி நிக்கல, ஆனா இப்ப தூங்கறேனுங்க: சத்த மெஷின் ரிவ்யூ

வாங்கி பதினோரு மாசம் ஆச்சு, அதனால இப்ப எழுதலாம்னு தோணுச்சு. ரெண்டு நாள் போட்டுப் பாத்துட்டு அஞ்சு ஸ்டார் குடுக்கறவங்கள நம்பி நான் ஏற்கெனவே நெறைய காசு விட்டவன். இது காது இரைச்சலுக்காகப் படுக்கைக்குப் பக்கத்துல வெக்கற ஒயிட் நாய்ஸ் மெஷினுங்க, ஒரே சீரா சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும், கவுத்து வெச்ச தேங்காத்தொட்டி சைசுதான் இருக்கும், ஆன்லைன்ல 1,850 ரூபா. கம்பெனி பேரு போடல. இதே டப்பாவ ஏழெட்டுப் பேருல விக்கறாங்க, ஸ்டிக்கரு மட்டும்தான் மாறுது.

மொதல்ல என் கதைய சொல்லீர்றேன், இல்லீன்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரியாது. கோயமுத்தூர் சோமனூர் பக்கம் 26 வருசம் தறி ஓட்டுனவன் நானு. 24 தறி ஒண்ணா ஓடற குடோனுக்குள்ள நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், உள்ள யாரும் பேசிக்க மாட்டோம், கையில சாடை காட்டுவோம், இல்ல ஒதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவோம், போனு அடிச்சா பாக்கெட்டுல நடுங்கறதுதான் தெரியும். அமெரிக்காவுல நியோஷ்னு தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு இருக்குது, அவங்க கணக்குப்படி 85 டெசிபெல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாக் கொறையுது, 94 வந்துச்சுன்னா ஒரே மணி நேரம்தான். நாங்க 12 மணி நேர ஷிப்டு. காதுல பஞ்சு கூட வெச்சதில்ல.

வேடிக்கை என்னன்னா தறி ஓட்டுன காலத்துல ஒண்ணும் தெரியல. கூலி கட்டுப்படியாகாம தறிய வித்துப்போட்டு வீட்டுல உக்காந்த பொறகுதான் சத்தம் ஆரம்பிச்சுது. குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னால வெயிட்டுக்கு அடியில சீ...ன்னு ஒரு காத்து வருமே, அந்தச் சத்தம், விசில் வராமயே ராப்பகலா அதே சீ... மொத நாள் ராத்திரி பிரிட்ஜுன்னு நெனச்சு ஒயரப் புடுங்குனேன். அப்பறம் டியூப்லைட்டு சோக்கு. அப்பறம் ரெண்டு மணிக்கு லுங்கியோட ரோட்டுக்குப் போயி டிரான்ஸ்பார்மருக்குக் கீழ நின்னு காதக் குடுத்துக் கேட்டுட்டு இருந்தேன், நாய் எல்லாம் சேந்து கொலைச்சு பக்கத்து வீட்டுக்காரரு டார்ச் அடிச்சுப் பாத்து "ஏனுங்ணா, என்னாச்சு"ன்னு கேட்ட பொறகுதான் இது வெளிய இல்ல, எனக்குள்ளதான்னு புரிஞ்சுது.

அதுக்கப்பறம் ஒரு வருசம் சுத்தாத எடமில்ல. யாரோ சொன்னாங்கன்னு பூண்டு காச்சுன எண்ணெய ஊத்துனேன், ஒரு வாரத்துல காது அடைச்சுப்போயி சத்தம் இன்னும் கூடிப்போச்சு. மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து. ஆன்லைன்ல ஜின்கோங்கற மூலிகை மாத்திரை மூணு மாசம், டப்பா 1,400 ரூபான்னு மூணு டப்பா. அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டருங்க அமைப்பு 2014லயே வழிகாட்டுதல் போட்டுருக்காங்க, நீடிச்ச இரைச்சலுக்கு ஜின்கோ, மெலடோனின், ஜிங்க் மாதிரி சப்ளிமெண்ட் எதையும் பரிந்துரைக்காதீங்கன்னு, அது எனக்குத் தெரிஞ்சது மாத்திரையெல்லாம் தின்னு முடிச்ச பொறகு. "30 நாளில் காது இரைச்சல் அடியோடு போகும்"னு வெளம்பரம் பாத்தீங்கன்னா அப்படியே தள்ளிவிட்டுருங்க. உள்காதுல மசுரு மாதிரி இருக்கற செல்லு செத்துப்போச்சுன்னா மனுசனுக்குத் திருப்பி மொளைக்காது, சொட்டு மருந்து அந்த எடத்துக்குப் போகவே போகாது, செவிப்பறைக்கு இந்தப் பக்கமே நின்னுக்கும்.

ஈஎன்டி டாக்டரப் பாத்தேன். அழுக்க எடுத்தாரு, கேக்கற டெஸ்ட்டு எடுக்கச் சொன்னாரு, கிராஃபப் பாத்துட்டு "நரம்புதான், பழகிக்கங்க"ன்னாரு. ரெண்டே நிமிசம். அவரு சொன்னதுல தப்பில்லீங்க, ஆனா எப்படிப் பழகறதுன்னு சொல்லல பாருங்க, அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது அழுகையே வந்துருச்சு.

அப்பறம் தங்கச்சி மகன் சொல்லி ஒரு ஆடியாலஜிஸ்ட்டுகிட்ட, அதாவது காது கேக்கறதச் சோதிச்சுப் பாக்கற நிபுணர்கிட்ட போனேன், சின்னப் பொண்ணு, ஒரு மணி நேரம் உக்கார வெச்சுப் பேசுச்சு. 25 கேள்வி கேட்டுச்சு, தூங்க முடியுதா, கோவம் வருதா, ஆளுங்க கூட இருக்கப் புடிக்குதான்னு, ஆமான்னா 4 மார்க்கு, சில நேரம்னா 2, இல்லீன்னா 0. நமக்கு 100க்கு 58, இதுல மார்க்கு கூடுனா பெருமையில்ல. அப்பறம் கண்ணாடி ரூமுக்குள்ள ஹெட்போன மாட்டி ஒவ்வொரு சத்தமாப் போட்டு "அண்ணா, உங்க சத்தம் இதவிட கீச்சா, கம்மியா"ன்னு கேட்டுக்கிட்டே வந்து 6,000 ஹெர்ட்ஸுல நிறுத்துச்சு. கேட்டதும் எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. ஒன்ற வருசமா எனக்கு மட்டும் கேட்டுட்டு இருந்த சத்தத்த மொத தடவையா வெளிய இருந்து கேக்கறேன். அடுத்து அது எவ்வளவு பெருசுன்னு அளந்துச்சு. நான் 70, 80 இருக்கும்னு நெனச்சேன். என்னால கேக்க முடியற கடைசி அளவுக்கு மேல வெறும் 7 டெசிபெல்லுங்க! மேடம் மெஷினு ரிப்பேரா பாருங்கன்னேன். "இல்லீங்ணா, முக்காவாசிப் பேருக்கு இவ்வளவுதான் வரும், சத்தம் சின்னதுதான், உங்க மூளை அதப் பாம்புன்னு நெனச்சுக் காவல் காக்குது"ன்னு சொல்லுச்சு.

கிராஃபயும் காட்டுச்சு. 2,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நல்லா இருந்துட்டு 4,000த்துல கெணறு மாதிரி எறங்கி 8,000த்துல மறுபடி கொஞ்சம் மேல வருது. சத்தத்துல வேல செஞ்சவங்க காதுல இந்த எறக்கம் வர்றது சகஜமாம். அந்த எடத்துல இருந்து தகவல் வரலீன்னு மூளை தானா வால்யூமக் கூட்டிப் பாக்குது, ஸ்டேசன் கெடைக்காத ரேடியோவுல சத்தத்தக் கூட்டுனா கரகரன்னு வருமே அதே கதைதான். அதனாலதான் அமைதியான ரூமுல கூடுது. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு, தறி ஓடற வரைக்கும் ஏன் தெரியலீன்னு.

இப்ப மெஷினுக்கு வர்றேன். இத அந்தப் பொண்ணு விக்கல, ஒரு ஃபேனே போதும்னுதான் சொல்லுச்சு, எங்களுக்குக் கார்த்திகை மார்கழில ஃபேன் ஆகாது, வீட்டுக்காரிக்கு சளி புடிச்சுக்கும், அதுக்காக நானா வாங்குனது. மொத பத்து நாள் தப்பாத்தான் யூஸ் பண்ணேன். காதுச் சத்தம் அமுங்கற வரைக்கும் வால்யூமக் கூட்டி வெச்சேன். ராத்திரி சொகமா இருந்துச்சு, காலைல ஆஃப் பண்ணுன அந்த நிமிசம் சீ...ன்னு ரெண்டு மடங்கா வந்து நிக்குது. அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "முழுசா மூடக்கூடாதுங்ணா, ரெண்டும் கலந்து கேக்கணும், மெஷினுச் சத்தத்துக்கு அடியில உங்க சத்தம் லேசாத் தெரியணும், மூளைக்குத் தெரியாத ஒண்ண அது எப்படிப் பழகும்"னுச்சு. இந்த முறைய 1990 வாக்குல பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப்னு ஒருத்தரு கொண்டாந்தாராம். எனக்கு அது தேவையில்ல, எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான். வால்யூம் 14ல இருந்து 6க்கு எறக்குனேன். மொத வாரம் நரகம். மூணாவது மாசம் ஒரு நாள் மத்தியானம் சாப்புட்டு முடிச்சுக் கை கழுவும்போதுதான் நெனப்பு வந்துச்சு, காலைல இருந்து சத்தத்தப் பத்தி யோசிக்கவே இல்லீன்னு. நெனச்ச ஒடனே சீ...ன்னு வந்துருச்சு, அது வேற விசயம்.

மெஷினுல 20 சத்தம் இருக்குது. அதுல 17 வேஸ்ட்டு. மழைச் சத்தம்னு ஒண்ணு, கேக்க அருமையா இருக்கும், ஆனா அது சின்ன கிளிப்பத்தான் சுத்திச்சுத்திப் போடறான், ஒவ்வொரு சுத்து முடியறப்பவும் ஒரு "டிக்", அதுக்கப்பறம் அதே எடத்துல அதே சொட்டு விழுது. பாவுல ஒரு இழை விட்டுப்போனா துணி முழுக்க அந்தக் கோடு கண்ணுல படுமே, அப்படித்தான், ஒரு தடவ கண்டுபுடிச்சுட்டீங்கன்னா அவ்வளவுதான், அடுத்த டிக்குக்குக் காத்துக்கிட்டே விடிஞ்சுரும். கடல் அலையும் அதே. குருவிச் சத்தத்தப் பத்திப் பேசவே வேண்டாம், ராத்திரி ஒரு மணிக்கு எந்தக் குருவி கத்தும்? உருப்படியானது மூணு. ஃபேன் சத்தம், அப்பறம் ஒயிட் நாய்ஸ விட கீச்சு கம்மியா, கனமா இருக்கற பிங்க் நாய்ஸ், பிரவுன் நாய்ஸ். ஒயிட் நாய்ஸ் எனக்கு மாவு சலிக்கற மாதிரி காதக் குத்துது. பிரவுன் நாய்ஸ் தூரத்துல அணைத் தண்ணி எறங்கற மாதிரி, அதுதான் இப்ப டெய்லி. வாங்கறதுக்கு முன்னால ரிவ்யூவுல "லூப்பு தெரியுதா"ன்னு மட்டும் தேடிப் பாருங்க, அது ஒண்ணுதான் முக்கியம்.

கொறைன்னா, முன்னால ஒரு நீல லைட்டு, ஆஃப் பண்ண வழியே கெடையாது, ரூமே சினிமா தியேட்டர் மாதிரி ஆயிருது, இன்சுலேஷன் டேப்ப ரெண்டு சுத்து ஒட்டிட்டேன். டைமர் 30, 60, 90 நிமிசம்னு வெச்சுருக்கான், அத வெக்கவே வெக்காதீங்க, நின்ன ஒடனே முழிப்புத் தட்டீரும், ராத்திரி பூரா ஓடட்டும். அப்பறம் பேட்டரி. 10 மணி நேரம்னு போட்டுருக்கான், நமக்கு நாலு மணி நேரம் வந்தா பெருசு. கரண்ட்டு போச்சுன்னா பவர் பேங்க்ல சொருகி வெக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரிக்கு மொத ஒரு மாசம் ஆகவே இல்ல. "ஊட்டுக்குள்ள மோட்டார் ஓடற மாதிரி இருக்குது, நீங்க திண்ணைல போயி படுங்க"ன்னா. தலகாணிக்கு அடியில வெக்கற சின்ன ஸ்பீக்கரு தனியா 600 ரூபாய்க்கு வாங்குனேன், தலகாணி பஞ்சுல சத்தம் அமுங்கி மண்டைக்குள்ள முணுமுணுன்னு கேட்டுச்சு, ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டேன். இப்ப நெலவரம் என்னன்னா போன மாசம் மூணு மணிக்கு கரண்ட்டும் போயி பேட்டரியும் தீந்துபோச்சு, நான் தூங்கிட்டுதான் இருந்தேன், அவ எந்திரிச்சு என்னைய எழுப்பி "ஏனுங்க, அது நின்னுபோச்சு பாருங்க"ங்கறா.

இன்னொண்ணும் சொல்லீர்றேன். அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகள்ல 151 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2019ல முடிவு போட்டாங்க. சில பேருக்கு நெஜ சத்த மெஷினு, சில பேருக்கு டூப்பு, சில பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒன்ற வருசம் கழிச்சுப் பாத்தா எல்லாருக்குமே நல்லாக் கொறைஞ்சுருக்குது, குரூப்புக்கு குரூப்பு பெருசா வித்தியாசமில்ல. அதாவது மெஷினுல மந்திரம் எதுவும் இல்லீங்க. ஒக்காந்து புரியற மாதிரி சொல்லறதுக்கு ஒரு ஆளு, பயம் போறதுக்குக் கொஞ்ச நாளு, இது ரெண்டுதான் என்னையவும் காப்பாத்துச்சுன்னு நெனக்கறேன். சிபிடின்னு மனநல ஆலோசனை முறை ஒண்ணு இருக்குது, அந்த 2014 வழிகாட்டுதல்ல அதப் பரிந்துரையாவே போட்டுருக்காங்க, நம்ம ஊருல காதுக்கு வந்தவன மனநல ஆளுகிட்ட அனுப்புனா சண்டைக்குப் போவான், நானும் போயிருப்பேன். போன வாரம் அதே 25 கேள்விய மறுபடி கேட்டுச்சு அந்தப் பொண்ணு. இப்ப 30.

கேக்கறது கொறைஞ்சிருந்தா காது மெஷினு போட்டாலே பல பேருக்கு இரைச்சல் அமுங்குதுங்கறாங்க, வெளிச் சத்தம் உள்ள வர்றதால. நான் ஒரு வாரம் டிரையல் போட்டேன், பகல்ல நெஜமாவே நல்லா இருந்துச்சு, ரெண்டு காதுக்கும் 48,000 ரூபா சொன்னாங்க, அதுக்குத்தான் இப்ப சீட்டு போட்டுட்டு இருக்கேன்.

யாரு இத வாங்கக் கூடாதுன்னா, ஒரு காதுல மட்டும் சத்தம் வர்றவங்க, நாடித் துடிப்போட சேந்து டப் டப்புன்னு கேக்கறவங்க, தலை சுத்தறவங்க, நீங்கெல்லாம் மொதல்ல டாக்டரப் பாருங்க, அதுக்கெல்லாம் ஸ்கேன் தேவைப்படலாம். திடீர்னு ஒரே நாள்ல காது கேக்காமப் போச்சுன்னா அன்னைக்கே ஓடுங்க, நாள் தள்ளத் தள்ள மருந்து வேல செய்யறது கொறைஞ்சுட்டே போகும்.

மெஷினுக்கு 5க்கு 3 ஸ்டாரு. லைட்டுக்கும் அந்த மழைச் சத்தத்துக்கும் ஒவ்வொண்ணு கொறைச்சுட்டேன்.

மச்சான் இன்னும் 16 தறி ஓட்டறாரு. அவருக்கு ஃபோம் இயர்பிளக்கு ஒரு டப்பா வாங்கிக் குடுத்தேன், வெரல்ல உருட்டி மெலிசாக்கி, மறு கையில காத மேல இழுத்துப் புடிச்சு உள்ள வெச்சு உப்பற வரைக்கும் அமுக்கிக்கோணும்னு வெச்சே காட்டுனேன். ஒரு ஷிப்டு வெச்சுப் பாத்துட்டு "நாடா அடிக்கற சத்தம் மாறுனாத்தானுங்க மாப்ள நூலு அந்தது தெரியும், இத வெச்சா தறி கூட பேச முடியல"ன்னாரு. அவரு சொல்றதும் நெசந்தான். இப்ப ஒரு காதுல மட்டும் வெச்சுக்கறாரு, இன்னொண்ணு சட்டைப் பாக்கெட்டுல பீடிக்கட்டோட கெடக்குது.